படகு இருக்கும் இடம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் அக்காள் மகன் பிரான்ஸில் பிறந்து வளர்ந்தவன், வயது பத்தொன்பது. அங்கே ஒரு கிளப்பில் ஒற்றையர் துடுப்புப் படகு ஓட்டுகிறான். பிரெஞ்சு பாஸ்போர்ட், கூடவே வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ கார்டு. பொங்கலுக்கு வந்தபோது மாஹே டிரைஸ்டேல் என்ற வீரரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். புதுச்சேரியோடு சேர்ந்த நம்முடைய மாஹே ஊரின் பெயராயிற்றே என்று நானும் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் பிறந்து நியூசிலாந்துக்காக இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவராம். இரண்டு நாட்டுக் குடியுரிமை உள்ள ஒருவர் எந்த நாட்டுக்கு உண்மையாக இருக்க முடியும்? இந்த மண்ணின் பிள்ளை பிரான்ஸ் கொடிக்காகத் துடுப்பு போடுவது துரோகம் என்கிறார் என் கணவர். முதுகைக் காட்டிக்கொண்டே முன்னேறும் அந்தப் படகைப் போலத்தான் புதுச்சேரிக்காரர்களான நாமும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் நூல் ஏதும் உண்டா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

சில்லறையை முதலில் தீர்த்துவிடுகிறேன். அவர் பெயரில் உள்ள மாஹே நம் மாஹே அல்ல, சீஷெல்ஸ் தீவு. நூல் தேடி அலைய வேண்டாம். அக்காள் மகனின் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள், காய்ப்பு இருக்கும், அதைப் பற்றிக் கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவான்.

அந்த முதுகு உவமையை மட்டும் தயவுசெய்து கடலில் போட்டுவிடுங்கள். புதுச்சேரியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எல்லோருக்கும் ஏக்கம் பொங்கிவிடுகிறது. அவன் முதுகைக் காட்டி உட்காருவது காலுக்காக. பாதத்தைப் பலகையில் ஊன்றி உதைத்து, நகரும் இருக்கையில் பின்னோக்கிச் சறுக்கி, தொடையின் பலத்தைத் துடுப்பில் ஏற்ற வேறு வழியில்லை. பந்தய தூரமான 2000 மீட்டரைக் கையால் மட்டும் வலித்து அந்த வேகத்தில் கடக்க முடியாது. இதில் கடந்த காலமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

'துடுப்பு போடுவது' என்று நீங்கள் எழுதுகிறீர்கள். 'படகு ஓட்டினார்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ஓட்டுவதற்கு அது ஆட்டோவா? தண்டு வலித்தல், துடுப்பு வலித்தல் என்றுதான் தமிழில் சொல்வார்கள். இழுப்பதற்கும் நோவதற்கும் ஒரே சொல். 2008 பெய்ஜிங் இறுதிப் போட்டியில் டிரைஸ்டேல் வலித்ததைத்தான் சொல்கிறேன். வயிற்றுக் கோளாறோடு படகில் ஏறினார். கடைசிப் பகுதிவரை முன்னால் இருந்தவரை இருவர் தாண்டிப் போனார்கள். வெண்கலத்தோடு கரை சேர்ந்தவரால் நிற்கக்கூட முடியவில்லை. எட்டு வருடம் கழித்து ரியோவில், 37 வயதில், குரோஷியாவின் டாமிர் மார்ட்டினோடு ஒரே நேரத்தில் எல்லையைத் தொட்டார். இருவருக்கும் 6 நிமிடம் 41.34 விநாடி. புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் தங்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள்.

சட்டத்தைக் கேட்டால் உங்கள் வீட்டுச் சண்டைக்கு இடமே இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஓசிஐ கார்டு பாஸ்போர்ட் ஆகாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்தான் இந்தியாவுக்கு ஆடலாம் என்று 2008 டிசம்பரில் விளையாட்டு அமைச்சகம் முடிவெடுத்தது. அவன் கையில் இருப்பது ஒரே பாஸ்போர்ட். நம் கொடிக்காக வலிக்க வேண்டுமென்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். உங்கள் கணவர் அதைத்தான் சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

துரோகம் என்ற சொல்லைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கொஞ்ச காலமாக என் மாமாவைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அம்மா பாகூரில் பிறந்தவள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். எல்லையிலிருந்த முள்ளோடைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், இந்தப் பக்கம் ஆங்கிலேயன். அம்மாவுக்கு அது பிறந்த வீட்டுக்குப் போகும் வழி, அவ்வளவுதான். அவளுடைய அண்ணன் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தின் சிப்பாய். இந்தோசீனப் போருக்குப் போய்விட்டு வந்தவர். 1962 ஆகஸ்டு 16 அன்று புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த மார்கழியில் மாமா சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு படிவம். "கையெழுத்துப் போடு, பிள்ளைகளுக்கு ஆகும்" என்றார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார், வாயே திறக்கவில்லை. அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். "கை ஈரமா இருக்கு அண்ணா, அப்புறம் பாக்கலாம்" என்றாள். மாமா காபி குடித்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஆறு மாதம் முடிந்தது. பிறகு ஒரு நாள் அந்தக் காகிதத்தைச் சமையலறை ஆணியில் பார்த்தேன். பின்பக்கத்தில் அம்மாவின் எழுத்தில் சலவைக் கணக்கு: வேட்டி 4, துண்டு 2, பாவாடை 3, போர்வை 1.

நான் வளர்ந்து கல்லூரிக்குப் போய் நாலு கூட்டத்தில் பேசக் கற்றுக்கொண்டதும், ஒரு கல்யாணப் பந்தியில் மாமாவை எல்லோர் முன்னாலும் கேட்டேன், வெள்ளைக்காரன் பென்ஷனுக்கு நாட்டை விற்கலாமா என்று. எனக்கு அப்போது வேலை இல்லை என்பதையும், அவர் பிள்ளைகள் பிரான்ஸில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர் கோபப்படவில்லை. "நான் கப்பல் ஏறிய அன்று வீட்டில் நெல் இல்லை, மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தார். நான் அதைத் தின்றேன். அதனால், உங்கள் கணவர் பேசும் பேச்சு எனக்கு மனப்பாடம். அவரைக் கண்டிக்கும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் கண்டிக்கிறேன்.

நெல் இருக்கும் இடத்துக்கு ஆள் போவதைப் போலத்தான் படகு இருக்கும் இடத்துக்கு வீரன் போகிறான். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் துடுப்புப் படகில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கிக் கொடுத்த பஜ்ரங் லால் தாக்கர் ராஜஸ்தான்காரர். ரியோவுக்குப் போன தத்து போகனல் நாசிக் பக்கத்து வறண்ட கிராமத்துக்காரர். இருவருக்கும் துடுப்பைக் கையில் கொடுத்தது ராணுவம். வீராம்பட்டினத்திலும் தேவனாம்பட்டினத்திலும் பத்து வயதிலேயே அலையைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் யாருக்கு அந்த 14 கிலோ ஒற்றையர் படகைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்தது? இந்தக் கேள்வியைக் கேட்காத வாய்தான் பிரான்ஸில் வலிக்கும் பையனைப் பார்த்து நாட்டுப்பற்று கேட்கிறது. இத்தனை கடற்கரையை வைத்துக்கொண்டு அவனுக்கு ஒரு படகு கொடுத்தோமா? எனக்கு எரிச்சல் வருகிறது.

1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு நெதர்லாந்துக்காரர்கள், சுக்கான் பிடிப்பவர் கனமாக இருக்கிறார் என்று இறக்கிவிட்டு, உள்ளூர்ச் சிறுவன் ஒருவனை உட்கார வைத்து இறுதிப் போட்டியில் வென்றார்கள். அவன் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. அவனை யாரும் துரோகி என்று தேடவில்லை.

டிரைஸ்டேல் 1978இல் மெல்போர்னில் பிறந்தார், நியூசிலாந்தின் டவ்ரங்காவில் வளர்ந்தார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ராப் வாடெல் தங்கம் வென்றதைப் பார்த்துத்தான் மறுபடி தீவிரமாகத் துடுப்பைப் பிடித்தார். 2008இல் அதே வாடெலை முந்தித்தான் பெய்ஜிங்கில் ஒற்றையர் இடத்தைப் பிடித்தார். ஐந்து உலகப் பட்டங்கள். இப்போது டவ்ரங்காவின் மேயர். அவருடைய நாடு எது என்று என்னைக் கேட்டால், நியூசிலாந்து அணி பயிற்சி செய்யும் கரபிரோ ஏரி என்பேன்.

உங்கள் கேள்வி ஏதோ ஒன்று பாக்கியிருக்கிறது, இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பற்றி எழுதினீர்கள், கார்டைப் பற்றி எழுதினீர்கள், கணவர் சொன்னதை எழுதினீர்கள். அக்காள் மகன் 2000 மீட்டரை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறான் என்று எழுதவே இல்லையே. கேட்டு எழுதுங்கள்.