என்.கே. செல்கள் கருவைத் தாக்குமா?

கேள்வி: இரண்டு முறை எட்டாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் என்.கே. செல்கள் அதிகம் என்று வந்திருக்கிறது. என் எதிர்ப்பு சக்தியே கருவைத் தாக்குகிறதா? ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அந்த ரிப்போர்ட்டை வைத்து அப்படி முடிவுக்கு வராதீர்கள், அம்மா. என்.கே. (நேச்சுரல் கில்லர்) என்பது எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்த ஒரு வகை வெள்ளணு. ரத்தத்தில் ஓடும் என்.கே. செல்லும் கருப்பையில் இருப்பதும் வேறு வேறு ரகம். ரத்தத்தில் இருப்பவை பெரும்பாலும் வைரஸ் புகுந்த செல்லைக் கொல்பவை. கருப்பையில் இருப்பவற்றுக்குக் கொல்லும் திறன் குறைவு. வளர்ச்சிக் காரணிகளைச் சுரப்பதே முக்கிய வேலை. முதல் மூன்று மாதங்களில் கருப்பை உள்படலத்தின் வெள்ளணுக்களில் சுமார் 70 சதவீதம் இவைதான். கையில் எடுத்த ரத்தம் இவற்றைப் பற்றி எதுவும் சொல்லாது.

நஞ்சுக்கொடியின் வெளிப்புறச் செல்களான ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் கருப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்கே ரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகளின் தசையை அகற்றி அவற்றை அகலமாக்குகின்றன. அந்தத் தசையை முதலில் தளர்த்திக் கொடுப்பதில் என்.கே. செல்களுக்கும் பங்குண்டு. எச்.எல்.ஏ. என்பவை செல்லின் மேற்பரப்பில் இருக்கும் அடையாள மூலக்கூறுகள். இறங்கி வரும் ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் இவற்றில் ஏ, பி வகைகளைக் காட்டுவதில்லை. சி, ஈ, ஜி ஆகியவற்றை மட்டுமே காட்டும். இதில் 'சி'யின் ஒரு பிரதி தந்தையுடையது. தாயின் என்.கே. செல்கள் அதைத் தம் மேற்பரப்பில் உள்ள 'கிர்' (KIR) என்ற ஏற்பிகளால் அடையாளம் காண்கின்றன. சில மரபணுச் சேர்க்கைகளில் இந்த ஏற்பிகள் என்.கே. செல்லை அளவுக்கு மீறி அடக்கிவிடுகின்றன. அப்போது தமனி குறுகலாகவே நின்று, ப்ரீ-எக்லாம்ப்சியாவுக்கும் (கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் கூடும் நோய்) கருவின் வளர்ச்சிக் குறைவுக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதாவது இங்கே சிக்கல் என்.கே. செல்கள் போதிய அளவு தூண்டப்படாததுதான். அவற்றை மருந்தால் இன்னும் அடக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஸ்டீராய்டால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறலாம் என்பது வேறு.

ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. ஆகவே செலவழிப்பதானால் இவற்றுக்குச் செலவழியுங்கள்: ரத்தம் உறைவதைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி (பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடியும்), தைராய்டு, கருப்பையின் வடிவம் தெரியும் ஸ்கேன். மீண்டும் கலைந்தால், வெளிவந்த திசுவில் குரோமோசோம் பரிசோதனை. ஆன்டிபாடி உறுதியானால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் சேர்ந்த சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: தாய், சேய் ரத்தம் கலப்பதில்லை என்கிறார்களே, பிறகு எங்கே சந்திக்கின்றன?

பதில்: இரண்டு இடங்களில். ஒன்று, மேலே சொன்ன கருப்பைச் சுவர். மற்றொன்று, நஞ்சுக்கொடியில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் விரலிகளின் வெளித்தோல். அதில் எச்.எல்.ஏ. அறவே இல்லாததால் தாயின் டி செல்கள் (அந்நியச் செல்லை அடையாளம் காணும் இன்னொரு வகை வெள்ளணுக்கள்) அதை அந்நியமென்று கண்டுகொள்ள வழியில்லை. அதுவும் முதல் 10 வாரம் வரை ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் தமனி வாயை அடைத்திருப்பதால், பெரும்பாலும் பிளாஸ்மாதான் கசிந்து விரலிகளை நனைக்கும். முழு ரத்த ஓட்டம் 12ஆம் வாரத்தை ஒட்டித்தான் வரும்.