குச்சி நட்டாலே வேர் விடுற திராட்சைக்கு எதுக்கு ஒட்டுக் கட்டணும்?

"குச்சியை ஊனினாலே வேர் பிடிச்சுக்குது, அப்புறம் எதுக்கு ஒட்டுச்செடி, நர்சரிக்காரங்க சம்பாதிக்கவா"ன்னு கேட்டிருக்கீங்க. இந்நேரம் கவாத்துல வந்த குச்சியைக் கட்டு கட்டி வெச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன். நடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க, ஏன்னா இதே கேள்விய கேட்டுட்டு சொந்த வேர்லயே நட்டவன் நான்.

முதல் ரெண்டு வருஷம் கொடி அவ்ளோ செழிப்பு. மூணாவது வருஷம் இலை சிறுத்துச்சு, நாலாவது வருஷம் கொத்து வந்தும் காய் பெருக்கல. உரம் பத்தலன்னாங்க, போட்டேன், தண்ணி பத்தலன்னாங்க, விட்டேன், ஒண்ணும் அசையல. கடைசில ஒரு கொடிய வேரோட தோண்டி எடுத்து வாளித் தண்ணில அலசிப் பார்த்தா சல்லி வேர் பூரா பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கு. வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள்ள புகுந்து சாறு உறிஞ்சற கண்ணுக்குத் தெரியாத புழு. மணல்சாரி மண்ணுல இது ரொம்பவே ஆட்டம் போடும். வேரே செத்துக்கிட்டு இருக்கும்போது மேல எவ்ளோ கொட்டி என்ன?

அப்புறம்தான் இந்தப் புழுவைத் தாங்குற டாக்ரிட்ஜ்ங்கற வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்கு அடியில வேரா நிக்கற செடி, அது மேல அதே ரகத்தை ஆப்பு ஒட்டு கட்டினேன். அடிக்குச்சியப் பிளந்து, மேல்குச்சிய ஆப்பு மாதிரி சீவி செருகணும். பட்டைக்கு உள்ள மெல்லிசா பச்சைக் கோடு தெரியும், ரெண்டு கோடும் ஒரு பக்கமாவது ஒட்டி நிக்கணும், அது தப்பினா டேப்பை எவ்ளோ இறுக்கிச் சுத்தினாலும் பிடிக்காது. இப்ப அந்தக் கொடிங்க நல்லா நிக்குது.

பிரான்ஸ்ல 1860கள்ல ஃபிலாக்சராங்கற வேர்ப்பூச்சி அமெரிக்காவுல இருந்து வந்து தோட்டம் தோட்டமா அழிச்சப்போ காப்பாத்தினதும் அமெரிக்கக் காட்டுத் திராட்சை வேர்மேல கட்டின ஒட்டுதான். உப்புத் தண்ணி, வறட்சி, சுண்ணாம்பு மண்ணுன்னு ஒவ்வொண்ணுக்கும் தாங்குற வேர்ச்செடி தனித்தனியா இருக்கு. உப்புக்கும் வறட்சிக்கும் 1103 பால்சன், சுண்ணாம்புக்கு 41பி.

உடனே "எங்க கொடி ஒட்டே இல்லாம காய்க்குதே"ன்னு யாராவது வருவாங்க. காய்க்கும்ங்க, நான் இல்லன்னு சொல்லல. ஃபிலாக்சரா போகாத சிலி நாட்டுல நிறைய தோட்டம் சொந்த வேர்லதான் நிக்குது. மண்ணுல பிரச்சனை இல்லன்னா ஒட்டு கட்டாயம் இல்ல. பழம் வேற ரகமா மாறிடும்னு சொல்றதும் தப்பு, மேல எந்த ரகத்தைக் கட்டினோமோ அதே பழம்தான் வரும். ஆனா டாக்ரிட்ஜ் கொடிய ரொம்ப வேகமா வளர்த்து விடும், கவாத்துல அடக்கலன்னா இலை மண்டி காய் குறையும், இதையும் சொல்லிடறேன்.

எனக்குத் தாங்க முடியாதது வேற ஒண்ணு. ரெண்டாவது தடவை ஒட்டுச்செடி வாங்கினப்போ எந்த வேர்ச்செடின்னு ஒரு சீட்டு கூட கட்டிக் குடுக்கல, கேட்டா "எல்லாம் ஒண்ணுதான்"னு பதில். எப்படிங்க ஒண்ணாகும்? ஒட்டு வாங்கறதே அந்த வேருக்காகத்தானே! கொடி காயறப்ப மட்டும் "பராமரிப்பு சரியில்ல"ன்னு நம்ம மேலயே பழி. வீட்லயும் அதையே சொல்லிக் காட்டறாங்க, ராத்திரி பகலா பாத்தவனுக்கு அது எவ்ளோ வலிக்கும்னு யாருக்கும் புரியறதில்ல.

சரி, நடறப்ப ஒட்டுக் கட்டின இடம் மண்ணுக்கு ஒரு சாண் மேல இருக்கட்டும். நான் மண் அணைக்கறப்ப ரெண்டு கொடில அது மூடிப்போச்சு, மேல்ரகமே அங்க வேர் விட்டு கீழே இறங்கிடுச்சு. தோண்டிப் பார்த்தா அந்த வேர்லயும் அதே முடிச்சு.