மாக்கரோன், மாக்கரூன் இரண்டிலும் செர்ரி சுவையை எப்படிக் கொண்டுவருவது?

முதலில் பெயர்க் குழப்பம். மாக்கரோன் என்பது பாதாம் மாவு, ஐசிங் சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் செய்யும் பிரெஞ்சு பிஸ்கட். இரண்டு வில்லைகளுக்கு நடுவே கிரீம் இருக்கும். மாக்கரூன் பெரும்பாலும் தேங்காய்த் துருவலில் செய்வது. நம் தூத்துக்குடி மக்ரூனில் முந்திரி.

மாக்கரோன் மாவில் செர்ரிச் சாற்றை ஊற்றிவிடாதீர்கள். ஈரம் கூடினால் அடித்த வெள்ளைக்கருவின் நுரை தளர்ந்து, வில்லை வெடித்துவிடும். நானும் ஒரு தட்டு முழுக்க அப்படிக் கெடுத்திருக்கிறேன். நிறத்துக்கு ஜெல் கலர் (கெட்டியான உணவு நிறம்) ஒரு துளி போதும். சுவையை நடுவில் வையுங்கள்: 200 கிராம் செர்ரியைக் கொட்டை நீக்கி, அரைத்து, பாதிக்கும் கீழே சுண்டும்வரை காய்ச்சி, ஆறியபின் வெண்ணெய் கிரீமில் கலக்கவும். பிழிந்த வில்லைகளைத் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, அவனில் 150 டிகிரி செல்சியஸில் சுமார் 15 நிமிடம் வேகவிடுங்கள். அப்புறம் ஒரு நாள் ஃபிரிட்ஜில் இருந்தால்தான் பதம் வரும்.

தேங்காய் மாக்கரூன் இத்தனை அடம்பிடிக்காது. சர்க்கரைப் பாகில் ஊறிய செர்ரியைக் கழுவி, துடைத்து, நறுக்கி அப்படியே சேர்க்கலாம். ஆனால் ஒன்று, நம்மூர் பேக்கரிகளில் செர்ரி என்று வருவது பல சமயம் சாயமேற்றிய களாக்காய்தான்; இனிப்பு இருக்கும், செர்ரி வாசனை இருக்காது. உலர்ந்த செர்ரி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.