எதிர்ப்பு சக்தி குறையவில்லை, ஆள் மாறி அடிக்கிறது

கேள்வி: முக்கூடலில் பீடி சுற்றும் என் அம்மாவுக்கு வயது 46. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரலை மடக்க முடியவில்லை. முடக்குவாதம் என்று எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அத்தை, எதிர்ப்பு சக்தி கூட அமுக்கராப் பொடி கொடு என்கிறார். எதைக் கொடுக்க?

பதில்: பொடி வேண்டாம். அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தியில் குறைவில்லை. கிருமியை அடிக்க வேண்டியது மூட்டை அடிக்கிறது. மூட்டின் உள்பக்கம் சினோவியம் என்ற சவ்வு உண்டு, சாதாரணமாக ஒன்றிரண்டு செல் கனம்தான். டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் சொந்த உடம்பின் புரதத்தையே அந்நியமென்று எண்ணி மற்ற செல்களை உசுப்பிவிடுகின்றன. பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் அந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்கின்றன. ரத்தப் பரிசோதனையில் ஆன்டி-சிசிபி என்று பார்ப்பது அதைத்தான். மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள் டிஎன்எஃப், ஐஎல்-6 என்ற வீக்கத்தைத் தூண்டும் புரதங்களைச் சுரக்க, சவ்வு தடித்துக் குருத்தெலும்பின்மேல் படர்ந்து எலும்பின் விளிம்பை அரிக்கிறது.

வீங்கிய விரல் முட்டியை இருபக்கமும் மெல்ல அமுக்கிப் பாருங்கள். எலும்புபோலக் கெட்டியாக இல்லாமல் பஞ்சுபோல அமுங்கினால், அதுதான் தடித்த சவ்வு. பீடி சுற்றிய அலுப்பு வலி சாயங்காலம் கூடும், தூங்கி எழுந்தால் குறையும். முடக்குவாத வலி அதற்கு நேர்மாறு.

மெத்தோட்ரெக்ஸேட் இந்தச் செல்களின் ஆர்ப்பாட்டத்தை அடக்கும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். 15 மி.கி. எழுதியிருந்தால், 2.5 மி.கி. மாத்திரை ஆறு. தினமும் சாப்பிட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. மெத்தோட்ரெக்ஸேட்டின் பக்கவிளைவைக் குறைக்கக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் வைட்டமின் மாத்திரை வேறு நாளில். இரண்டுமே மஞ்சள் நிறச் சின்ன மாத்திரையாக வரக்கூடும் என்பதால், அட்டையில் கிழமையைப் பேனாவால் பெரிதாக எழுதி, தனித்தனி டப்பாவில் வையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சிரைப்பு வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகம்) பரிசோதனை ஆரம்பத்தில் சில வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோங்கள்.

அமுக்கராவால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைத் தொடும் மருந்து. இரண்டும் சேர்வது எனக்குச் சம்மதமில்லை. இரண்டே நாளில் வலியை எடுக்கும் பெயரில்லாப் பொடி என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

மாத்திரைக்குக் கேட்காமல் டிஎன்எஃப்பை அடக்கும் ஊசி போடச் சொன்னால், முதலில் டிபி இருக்கிறதா என்று பார்க்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. நுரையீரலில் ஒடுங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுவர் கட்டி அடைத்து வைத்திருப்பதும் அதே டிஎன்எஃப்தான்.