ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு): 500 மீட்டர் தூரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எப்படி?

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை நிறுவிவிட்டீர்கள், பள்ளிகளிலிருந்து 500 மீட்டருக்குள் எத்தனை வீடுகள் என்று எண்ண வேண்டும், எங்கே தொடங்குவது என்பதுதானே கேள்வி? நூற்றுக்கணக்கான கருவிகளைப் பார்த்து மிரள வேண்டாம். முதலில் ஆயத்தொலை அமைப்பை (சிஆர்எஸ்), அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறையை, புரிந்துகொள்ளுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஜிபிஎஸ் புள்ளிகள் டபிள்யூஜிஎஸ் 84 என்ற அட்சரேகை, தீர்க்கரேகை அமைப்பில் இருக்கும். அதன் அலகு டிகிரி. அந்தப் புள்ளிகள் உள்ள அடுக்கில் (லேயர்) பஃபர் கருவியை, அதாவது ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வட்டம் போடும் கருவியை, திறந்து 500 என்று போட்டால் அது 500 டிகிரி! நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரியே சுமார் 111 கிலோமீட்டர். திரையை விழுங்கும் அந்த வட்டத்தைப் பார்த்து மென்பொருளில்தான் கோளாறு என்று நானும் நினைத்திருக்கிறேன்.

அதனால் பள்ளிகள், வீடுகள் ஆகிய இரண்டு அடுக்குகளையும் 'ரீப்ரொஜெக்ட் லேயர்' மூலம் உங்கள் பகுதிக்குரிய யூடிஎம் மண்டலத்துக்கு (மீட்டரில் அளக்கும் அமைப்பு) மாற்றுங்கள். 'செட் லேயர் சிஆர்எஸ்' வேறு. அது பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், எண்களைத் தொடாது. அப்புறம் பள்ளிகளைச் சுற்றி 500 மீட்டர் பஃபர், பிறகு அதற்குள் விழும் வீடுகளைத் தேர்ந்தெடுக்க 'செலெக்ட் பை லொகேஷன்'. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் ஒரு வீடு ஒரு முறைதான் தேர்வாகும்.

சரி, இது நேர்கோட்டுத் தூரம். நடுவில் ஆறு ஓடினால் நடைத்தூரம் வேறு. அதற்குச் சாலை அடுக்கோடு வலையமைப்புப் பகுப்பாய்வு வேண்டும்.