சாலஞ்சர் மட்டத்தில் (ஆண்கள் தொழில்முறை டென்னிஸில் முதன்மையான ஏடிபி சுற்றுக்கு ஒரு படி கீழே) இரட்டையர் டென்னிஸ் மட்டும் ஆடி முன்னேற முடியுமா?

முடியும், ஆனால் சரியான ஜோடி அமைய வேண்டும். அதுதான் பாதிப் போராட்டம்.

சாலஞ்சர் போட்டிகளில் பெரும்பாலும் 16 ஜோடிகளுக்குத்தான் இடம். இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டி, தொகை குறைவான ஜோடியை முதலில் எடுப்பார்கள். இதற்கு ஒற்றையர் தரவரிசையையும் காட்டலாம். அதனால் 400-ஆம் இடத்தில் இருக்கும் ஒருவர் 90-ஆம் இடத்துக்காரருடன் சேர்ந்தால் 490 என்று உள்ளே போய்விடலாம். தன்னைப் போன்ற இன்னொருவருடன் சேர்ந்தால் 800, வெளியே நிற்க வேண்டியதுதான். நல்ல நண்பர்கள்கூடப் பிரிந்து வேறு துணை தேடுவது இந்தக் கணக்கால்தான்.

பரிசுப் பணத்தை இருவரும் பங்கிட வேண்டும், புள்ளிகள் மட்டும் ஆளுக்கு முழுசாகக் கிடைக்கும். விமான டிக்கெட், ராக்கெட் நரம்பு மாற்றும் செலவு எல்லாம் போக, முதல் சுற்றில் தோற்றால் கையில் மிஞ்சுவது ரொம்பக் குறைவு.

ஆட்டமும் ஈவிரக்கமற்றது. 40-40 ஆனால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். அந்தப் புள்ளிக்கு சர்வை எந்தப் பக்கம் வாங்குவது என்று சர்வை வாங்கும் அணிதான் தீர்மானிக்கும். ஆளுக்கொரு செட் என்றால் மூன்றாவது செட்டே கிடையாது, 10 புள்ளி டைபிரேக்தான்: இரண்டு புள்ளி முன்னிலையோடு முதலில் 10-ஐ எட்டும் அணி வெல்லும்.

தமிழ்நாட்டின் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் சாலஞ்சர்களில் பல காலம் உழைத்தவர்கள். 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ ஏடிபி இறுதியில் முதல் செட்டை இழந்தும், இரண்டாவதை வென்று, அந்த 10 புள்ளி டைபிரேக்கை 10-7 என எடுத்துக் கோப்பையை வென்றார்கள். விஜய்க்கு அதுதான் முதல் ஏடிபி பட்டம்.