கிடைக்காதவர்களின் கணக்கு

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். செட்டிநாட்டுப் பகுதியில் மூன்று ஆண்டுகளாக நடந்துவரும் சிறுதொழில் உதவித் திட்டம் ஒன்றை மதிப்பிடும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆத்தங்குடித் தரைக்கல் செய்பவர்கள், கண்டாங்கிச் சேலை நெய்பவர்கள், ஓலைக் கொட்டான் முடையும் பெண்கள், வீட்டில் பலகாரம் போட்டு விற்பவர்கள் ஆகியோருக்குப் பயிற்சியும் கொஞ்சம் முதலும் கொடுக்கிற திட்டம். இதற்கு முன் குழுவில் ஒருத்தியாகப் போயிருக்கிறேன், தலைமை ஏற்பது இதுதான் முதல்முறை. நான்கு பேர், இரண்டு மாதம்.

நாங்கள் சந்திக்க வேண்டியவர்களின் பட்டியலைத் திட்டத்தை நடத்துபவர்களே அனுப்பிவிட்டார்கள். "நல்லபடியாக எழுதுங்கள், அடுத்த கட்ட நிதி உங்கள் அறிக்கையை நம்பித்தான் இருக்கிறது" என்று தொலைபேசியிலும் சொன்னார்கள். குறை எழுதினால் ஏழைகள் வயிற்றில் அடித்த பாவம் வருமோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் இந்த வேலையில் பல காலம் இருந்தவர் என்பதால் கேட்கிறேன், எங்கிருந்து தொடங்குவது? இன்னொரு சின்னக் கேள்வியும் உண்டு. போகிற வீடுகளில் பலகாரம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமா?

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்குங்கள். அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வேறு மூன்று பட்டியல்களைக் கேட்டு வாங்குங்கள்: விண்ணப்பித்தவர்கள் அனைவரும், தேர்வாகாதவர்கள், தேர்வாகிப் பாதியில் நின்றவர்கள். யாரைச் சந்திப்பது என்பதை இந்தப் பெயர்களிலிருந்து நீங்களே குலுக்கி எடுக்க வேண்டும். அவர்கள் அனுப்பிய பட்டியலும் வீண்போகாது. வெற்றி என்றால் அவர்கள் மனத்தில் என்ன படம் இருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஆத்தங்குடிப் பக்கம் கல் பட்டறைகளுக்கு உதவிய ஒரு திட்டத்தை மதிப்பிடப் போனேன். அந்த வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சை அதற்குள் இறக்கி, நிறச் சாந்தைக் கையால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவார்கள். கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும்போது கல்லின் முகம் அதே வழவழப்போடு இருக்கும். திட்டம் அவர்களுக்குப் புது அச்சும், தொட்டி கட்டப் பணமும், வெளியூர் வாங்குவோரின் தொடர்பும் கொடுத்திருந்தது. நான் போன பட்டறைகளில் எல்லாம் ஆர்டர் கூடியிருந்தது. உற்சாகமாக வெற்றி என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது, பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவரும் பட்டறை வைத்திருப்பவர், திட்டத்துக்கு விண்ணப்பித்துக் கிடைக்காதவர். "எங்களிடம் வரவேயில்லையே" என்றார். தொழில் எப்படி என்று கேட்டேன். அவருக்கும் ஆர்டர் கூடியிருந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் வீடு கட்டுகிறவர்கள் பழைய பாணியைத் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளை விடுதிகளாக மாற்றுகிறவர்களும் கல் கேட்டு வந்தார்கள். காற்று எல்லாப் பட்டறைப் பக்கமும் அடித்தது. நான் சில பட்டறைகளில் மட்டும் நின்றுகொண்டு, இது திட்டம் போட்ட விசிறியின் காற்று என்று எழுதியிருந்தேன். அவர் இன்னொன்றும் சொன்னார். அவரிடம் இருந்த கைதேர்ந்த வேலையாட்கள் இரண்டு பேரை, உதவி பெற்ற பட்டறைக்காரர் கூடுதல் முன்பணம் கொடுத்து அழைத்துக்கொண்டாராம். என் அறிக்கையில் அது "புதிய வேலைவாய்ப்பு: இரண்டு" என்று ஏறியிருந்தது.

அன்றிலிருந்து எந்த மதிப்பீட்டுக்குப் போனாலும், உதவி கிடைக்காமல் போனவர் வீட்டுத் திண்ணையில் முதல் நாளே போய் உட்கார்ந்துவிடுவேன். இந்த உதவி வராமலே இருந்திருந்தால் இவர்கள் இன்று எப்படி இருந்திருப்பார்கள்? அதற்கு ஓரளவாவது பதில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

விண்ணப்பித்தவர்களில் யார் வேண்டுமானாலும் ஒப்பீட்டுக்கு ஆகிவிட மாட்டார்கள். தேர்வுக்குழு பொதுவாகக் கெட்டிக்காரர்களைத்தான் எடுக்கும், அவர்கள் உதவி இல்லாமலும் முன்னேறியிருப்பார்கள். ஆகவே தேர்வு மதிப்பெண் தாள்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தேர்வுக் கோட்டுக்குச் சற்று மேலே நின்று உதவி வாங்கியவர்களையும், சற்றுக் கீழே நின்று தவறவிட்டவர்களையும் எடுத்து ஒப்பிடுங்கள். ஓரிரு மதிப்பெண்ணில் ஆளின் திறமை மாறிவிடாது, உதவி கிடைத்ததும் கிடைக்காததும்தான் அவர்களுக்குள் பெரிய வித்தியாசம். தாள்கள் இல்லையென்றால் திட்டம் எட்டாத பக்கத்து ஊர்களில் அதே தொழில் செய்பவர்களைத் தேடுங்கள். அது கொஞ்சம் பலவீனமான வழி, அதை அறிக்கையிலும் ஒளிக்காமல் எழுதுங்கள். தொடக்கத்திலேயே சீட்டுக் குலுக்கிக் கொடுத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. ஆனால் மூன்றாம் ஆண்டின் முடிவில்தான் மதிப்பீட்டாளரைத் தேடுவது நம் ஊர் வழக்கம்.

இனி, வருமானக் கேள்வி. பலகாரம் போடும் ஆச்சியிடம் "மாதம் எவ்வளவு விற்பனை?" என்று கேட்டால் குறைத்துத்தான் சொல்வார். பொய் சொல்லும் எண்ணம் பலருக்கு இருக்காது. கடனுக்குக் கொடுத்தது, வீட்டுக்கு எடுத்தது, பேரன் கடைக்குக் கொண்டுபோனது எல்லாம் நினைவிலேயே வராது. இலங்கையில் சிறுதொழில்களை ஆராய்ந்தவர்கள், விற்பனையைச் சுமார் 30 சதவீதம் குறைத்தே சொல்கிறார்கள் என்று கண்டார்கள். வரவு செலவை வரிவரியாகக் கேட்டுக் கழித்துப் பார்ப்பதைவிட, "எல்லாச் செலவும் போகக் கையில் நின்றது எவ்வளவு?" என்று நேராகக் கேட்பதே உண்மைக்கு நெருக்கமாக வந்தது என்பதும் அவர்கள் அனுபவம். நீங்களும் அப்படியே கேளுங்கள். பிறகு பேச்சோடு பேச்சாக, மாதம் எத்தனை டின் எண்ணெய் ஆகிறது, அரிசி எத்தனை கிலோ திரிக்கிறீர்கள் என்று விசாரியுங்கள். தேன்குழலும் சீப்புச்சீடையும் எண்ணெய் குடிக்காமல் வேகாது. எண்ணெய்க் கணக்கும் லாபக் கணக்கும் ஒன்றையொன்று பார்த்து முறைத்தால், அங்கே இன்னொரு தடவை போக வேண்டும்.

மாதத்தையும் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, சீர் பலகாரத்துக்கு ஆர்டர் இல்லை. தை பிறந்தால் அடுப்பு அணையாது. ஐப்பசி கார்த்திகை மழையில் கல் உலர்வது இழுத்துக்கொண்டே போகும். திட்டம் தொடங்கியபோது எடுத்த முதல் கணக்கு எந்த மாதத்தில் எடுத்தது என்று தேடிப் பாருங்கள். அது மார்கழியில் எடுத்ததாக இருந்து, நீங்கள் தையில் போய் நின்றால், ஒரு பைசா உதவி கொடுக்காமலே எல்லோரும் முன்னேறியிருப்பார்கள்.

பெண்கள் பெயரில் இருக்கும் தொழில்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே பலரும் இடறி விழுந்திருக்கிறார்கள். 2005-இல் இலங்கையின் தென்பகுதியில் சிறுதொழில் செய்பவர்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்து ஆராய்ந்தார்கள். எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால் போட்ட முதலுக்கு மாதம் ஐந்து சதவீதத்துக்குப் பக்கத்தில் வருமானம் வந்தது, ஆண்கள் நடத்தியவற்றில் அதைவிடக் கூடுதல். பெண்களின் தொழில்களில் சராசரியாக ஒன்றுமே கூடவில்லை. பெண்களுக்குப் பணம் கொடுத்துப் பயனில்லை என்று சிலர் அவசரமாக முடிவு கட்டினார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கை, இந்தியா, கானா கணக்குகளோடு சேர்த்துப் புரட்டிப் பார்த்தபோது கதை மாறியது. கணவனுக்கும் ஒரு தொழில் இருக்கிற வீடுகளில், மனைவி பெயரில் வந்த பணம் அவன் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டில் அவள் தொழில் ஒன்றுதான் என்றால், அவளுக்கும் ஆண்களைப் போலவே லாபம் வந்தது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு காரைக்குடித் தெருக்களில் நடந்து பாருங்கள். மத்திய அரசு 2008-இல் கொண்டுவந்த பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், கிராமப்புறத்தில் பொதுப் பிரிவு ஆணுக்கு மானியம் 25 சதவீதம், பெண்ணுக்கு 35 சதவீதம். போடவேண்டிய சொந்தப் பங்கும் பத்துக்குப் பதில் ஐந்து சதவீதம்தான். எந்த வீட்டுக்காரர் தன் பெயரில் விண்ணப்பம் போடுவார்? பலகையில் அவள் பெயர், கல்லாப் பெட்டியில் அவர். குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை, குடும்பம் பிழைக்கிற வழி அது. ஆனால் வினாத்தாளைத் தொழிலோடு நிறுத்தாமல் வீட்டையும் சேர்த்துக் கேட்டால்தான் பணம் எந்த வாசலில் நுழைந்து எந்த அறையில் தங்கியது என்று தெரியும். அந்தப் பெண்ணைத் தனியாகச் சந்திக்க வேண்டும், அதற்கு உங்கள் குழுவில் அடுப்படியில் போய் உட்காரத் தெரிந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தியாவது வேண்டும். பட்டம் படித்த மூன்று பேரைவிட அவள் உங்களுக்கு உதவுவாள்.

நிதி கொடுப்பவர்கள் உங்களிடம் ஆறு தலைப்புகளில் பதில் கேட்பார்கள். வளர்ந்த நாடுகளின் அமைப்பு ஒன்று 1991-இல் ஐந்தாக வகுத்து, 2019-இல் "இசைவு" என்பதை, அதாவது மற்ற உதவிகளோடு இந்தத் திட்டம் எப்படிப் பொருந்துகிறது என்பதை, ஆறாவதாகச் சேர்த்தது. எல்லாத் தலைப்புக்கும் சம பக்கம் ஒதுக்கி நிரப்பும் அறிக்கைகளைப் படித்துச் சலித்தவன் நான். இந்த ஆறாவது மட்டும் நம் பக்கத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரே வீட்டில் சுயஉதவிக்குழுக் கடன், முத்ரா கடன், நகைக் கடன், உங்கள் திட்டத்தின் பணம் நான்கும் இருக்கும். தறியை வாங்கியது எந்தப் பணம் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அதைத் தோண்டுவதில் ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை. மற்ற தலைப்புகளுக்கு இரண்டிரண்டு பத்தி போதும்.

என் தாத்தா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. செட்டியார்களின் பர்மா வட்டிக்கடையில், முதலாளிக்காகக் கடையை நடத்தும் மேலாளுக்கு ஒரு கணக்கு என்றால் மூன்று ஆண்டு. முடிந்ததும் ஐந்தொகை எடுத்து, வராக்கடனைத் தனியாகக் காட்டி, பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேற வேண்டும். வராக்கடனை மறைத்து ஐந்தொகை எடுத்தவனை அடுத்த கணக்குக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள் என்று தாத்தா சொல்வார். நான் சொன்ன மத்திய அரசுத் திட்டத்திலும் இதே மூன்று ஆண்டுதான். மானியப் பணம் வங்கியில் வைப்பாக முடங்கிக் கிடக்கும், மூன்று ஆண்டு கழித்து, தொழில் நடப்பதைப் பார்த்த பிறகே கடனில் கழியும். அதனால் மூன்றாம் ஆண்டு வரை பலகை தொங்கும். நாலாம் ஆண்டில் போனால்தான் தொழில் தெரியும். உங்கள் திட்டத்துக்கு இப்போதுதான் மூன்று ஆண்டு ஆகிறது என்கிறீர்கள். ஓராண்டு கழித்து ஒரு சிறு சுற்று, பத்து நாள் வேலை, ஒப்பந்தத்தில் இப்போதே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுப்பார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

பாவம் என்ற சொல்லுக்கு வருகிறேன். நடத்துபவர்கள் உங்களைப் பயமுறுத்தவில்லை, அவர்களும் சம்பளத்துக்குப் பயந்தவர்கள்தான். வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: வரைவு அவர்களுக்குப் போகும், தகவல் பிழை இருந்தால் திருத்தலாம், முடிவு உங்களுடையது, உடன்படாவிட்டால் அவர்கள் மறுப்பையும் அறிக்கையின் பின்னால் அச்சிடுவீர்கள். களத்துக்கு அவர்கள் ஜீப்பில் போகாதீர்கள். டவுன் பஸ் இருக்கிறது. அவர்கள் ஊழியர் பக்கத்தில் நின்றால் எந்த நெசவாளியும் நூல் தாமதமாக வந்தது என்று சொல்ல மாட்டார். முதல் பத்து வீட்டுக்கு நீங்களே போங்கள், தினமும் மாலையில் நால்வரும் உட்கார்ந்து தாள்களைப் புரட்டுங்கள்.

பிறகு, "திட்டம் வென்றது, தோற்றது" என்று ஒட்டுமொத்தமாக எழுத வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலும் ஒரு பகுதி வேலை செய்திருக்கும், ஒரு பகுதி சும்மா கிடந்திருக்கும். வகுப்பறையில் உட்கார வைத்து நடத்தும் தொழில் பயிற்சியால் லாபம் கூடுவது சிறிதளவுதான் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் கணக்கிலும் அப்படி வந்தால், அந்தப் பணத்தை நூலுக்கும் ஓலைக்கும் முதலாகத் திருப்பலாம் என்று எழுதுங்கள். வயிற்றில் அடிப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். கோட்டுக்குக் கீழே நின்று தவறவிட்டவருக்கும் வயிறு இருக்கிறது. அடுத்த கட்ட நிதி அவரிடம் போகுமா, கூட்டத்துக்குத் தவறாமல் வருகிற அதே முகங்களிடம் போகுமா என்பது உங்கள் அறிக்கையில்தான் இருக்கிறது.

பலகாரம் கொடுத்தால் கட்டாயம் சாப்பிடுங்கள். செட்டிநாட்டில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தவளிடம் யாரும் கணக்குச் சொல்ல மாட்டார்கள். பொட்டலம் கட்டித் தந்தால் மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். கால் கிலோ மணகோலம் என்ன விலை என்பதை வினாத்தாளில் கேட்பதைவிட அப்போது சரியாகச் சொல்லிவிடுவார்கள்.